கதிர்ச் சீட்டு

இல்ல மிஸ், நீங்க வந்தது பிழையான ஊடில்ல. நிஸ்தார் நான்தான். ஒங்கட பேப்பர்ல இரிக்கிறதும் சரிதான், நான் ஒரு நாளும் உள்ளுக்குப் போகல்ல. பதினாலு மாசமும் வாசல்ல, கவுண்டர்லதான் இரிந்தன். அப்ப என்னெண்டு என்ட பேருக்கு நேரா, வால்வு கழட்டுற ஆக்களுக்கு விழுற அளவு கதிர் விழுந்திரிக்கி எண்டு கேக்கிறீங்க. சொல்றன். சொல்லத்தானே வரச்சொன்னன். அந்தக் கதிரையில இரிக்க வேணாம், ஒரு கால் ஆடும். இஞ்சால இரிங்க, ஆத்துக் காத்து வரும்.

கொஞ்சம் மெதுவாக் கதைப்பம். குசினிக்குள்ள சபீனா நிக்கா, என்ட மனிசி. வருசா வருசம் எடுக்கிற ரத்த டெஸ்ட் விசயமா ஒரு மிஸ் வாறா எண்டுதான் அவக்கிட்டச் சொல்லியிரிக்கன். முழுப் பொய்யில்லதானே.

ஒங்கட ஊர் செட்டிபாளையம் எண்டு போன்ல சொன்னீங்க. நல்லது. கொழும்பு ஆள் எண்டா முதல்லயிருந்து விளங்கப்படுத்தணும். நம்மட பக்கம் பொம்புளப்புள்ளைக்கு ஊடு கட்டிக் குடுத்தாத்தான் கலியாணம். ஒங்கட ஆக்கள்ளயும் அப்பிடித்தான், எங்கட ஆக்கள்ளயும் அப்பிடித்தான். வாப்பா கட்டணும். வாப்பா இல்லாட்டி நானா கட்டணும், ஒங்கட பாஷையில அண்ணன். சபீனாட வாப்பா அவ சின்னப்புள்ளையா இரிக்கக்குள்ளயே மௌத்தாப் போயிட்டார். அப்ப பொறுப்பு ஆருக்கு? அவட நானாக்கு. அவன்தான் றிப்ஷான்.

ஓம், ஒங்கட லிஸ்ட்டுல ரெண்டாவதா இரிக்கிற பேரு. அவன்தான்.

ஒண்டாம் வகுப்புலயிருந்து என்ட கூட்டாளி. தங்கச்சிய எனக்குப் பேசி வச்ச நாள்லயிருந்து எனக்கு மச்சான். இந்த ஊட்டுக்கு அத்திவாரம் போட்டது அவன். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்து அப்பிடியே நிண்டு போச்சு. ரெண்டு மாரி நனைஞ்சிச்சு. செங்கல்லுல பாசி புடிச்சு, உள்ளுக்குள்ள ஆடு கட்டினாங்க பக்கத்து ஊட்டுக்காரங்க. நான் தொழப் பள்ளிக்குப் போற வழி இது. ஒவ்வொரு நாளும் அந்த ஆட்டப் பார்த்துக்கொண்டு போவன். ஒன்ட கலியாணத்த எங்கட ஆடு திண்டுட்டு எண்டு பகிடி பண்ணுவாங்க. எனக்கு அப்ப முப்பத்திமூணு வயசு மிஸ். சிரிப்பு வராது.

மறுகாதான் ஏஜென்ட் ஒருத்தன் வந்தான். எல்லாரும் சவூதி, கட்டார் எண்டு போக, நாங்க ரெண்டு பேரும் பனி கொட்டுற நாட்டுக்குப் போனம். நாட்டுட பேர நான் சொல்லல்ல, சொல்லக்கூடா எண்டு ஒங்கட கடிதத்துலயும் இரிக்கி. கரண்ட் உற்பத்தி பண்ற இடம் எண்டான் ஏஜென்ட். றிப்ஷான் பெரிய டீசல் மோட்டர் எண்டு நினைச்சுப்போட்டான். எண்ணெய் படும் எண்டு கிழிஞ்ச சேட் அஞ்சாறு கட்டிக்கொண்டு வந்தான். அங்க போனா எண்ணெயுமில்ல, புகையுமில்ல. ஆசுபத்திரி மாதிரி வெள்ள வெளேரெண்டு கிடக்கு. அணு உலை எண்டு எங்களுக்குத் தெரியவந்தது மூணாவது நாள், வகுப்பு எடுக்கக்குள்ள.

எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், அதால கவுண்டர். அவன் வள்ளத்து எஞ்சின் திருத்தின கை, அதால உள்ளுக்கு. வால்வு கழட்டுறது, ரப்பர் மாத்துறது, பூட்டுறது. உள்ளுக்க போறவனுக்குத்தான் சம்பளம் கூட.

கதிர் எண்டா என்னெண்டு ஒங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. ஆனா எங்களுக்கு அது புதுசு. வெயில்ல நிண்டா தோல் எரியும், நிழலுக்கு ஓடுவம். இது எரியாது. மணக்காது. கண்ணுக்கும் தெரியா. நல்ல குளிரான அறையில, பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்வான் மனிசன், அது பாட்டுக்குப் பட்டுக்கொண்டிரிக்கும். அதத் தெரிஞ்சுகொள்ற ஒரே வழி நெஞ்சில குத்துற பேட்ஜ். வெளியால பிளாஸ்டிக் கூடு. கூட்டுல பேரு ஒட்டியிரிக்கும். உள்ளுக்குள்ள ஒரு சின்னத் தகடு, அதுல அரிசி அளவுல நாலு பளிங்கு. தகட்டுக்குப் பேரில்ல, நம்பர் மட்டும். அந்த நம்பர் ஆருக்குரியது எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியும். பட்ட கதிரெல்லாத்தையும் அந்தப் பளிங்கு ஞாபகம் வச்சிரிக்கும். மாசம் முடிய தகட்டக் கழட்டி லாபுக்கு அனுப்பிப்போட்டு, அவனவன்ட நம்பர்ல அடுத்த தகட்டக் கூட்டுக்குள்ள வைக்கணும்.

அது என்ட வேலை.

ஒரு வருசத்துக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் எண்டு ஒரு கோடு இரிக்கி. கோட்டக் கிட்டினா உள்ளுக்கு விடமாட்டாங்க. வெளியால கூட்டுற, கழுவுற வேலை, பாதிச் சம்பளம். இல்லாட்டி ஊருக்கு டிக்கட். மனிசனக் காப்பாத்தத்தான் அந்தக் கோடு. எங்கட ஆக்களுக்கு அது வேலையப் பறிக்கிற கோடாத்தான் தெரிஞ்சிச்சு. நாலஞ்சு மாசம் கழிய ஒவ்வொருத்தனா வந்து கவுண்டர்ல சாஞ்சுகொண்டு கேப்பான், நிஸ்தார் நானா, என்னடது எங்க நிக்கிது, ஏதும் செய்ய ஏலாதா எண்டு.

நம்மட பொம்புளையள் சீட்டுப் புடிப்பாங்களே. பத்துப் பேரு சேருவாங்க, மாசத்துக்கு ஒராளுக்கு. அது மாதிரி எங்கட ரூமுல கதிருக்கு ஒரு சீட்டுத் தொடங்கிச்சு. சிரிக்காதீங்க, மெய்யாத்தான். ஓட்டமாவடி, கல்முன, ஏறாவூர் எண்டு எட்டுப் பேரு. இந்த மாசம் கதிர் கூடின இடத்துல நிக்கிறவன்ட கூட்டுக்குள்ள, லேசான வேலையில இரிக்கிறவன்ட தகடு. அடுத்த மாசம் மாத்திப் போடுறது. ஆருட பேரும் கோட்டக் கிட்டாது. தகட்ட மாத்தினதும் நான்தான். ஆரு எந்த மாசம் எண்டு கொப்பியில எழுதினதும் நான்தான்.

எட்டுப் பேருல அஞ்சு பேரு ஓஎல் பாஸ் பண்ணினவங்க. ஒருத்தனுக்கும் வெளிக்கல்ல மிஸ். சீட்டுச் சல்லி கைக்குக் கை மாறும். கதிர் மாறாது. நம்பருதான் மாறிச்சு. பட்டது பட்டவன்ட எலும்புக்குள்ளதான் கிடந்திச்சு. பேப்பர்ல பிரிச்சா உடம்புலயும் பிரியும் எண்டு, பெரிய கெட்டிக்காரங்க மாதிரி நாங்க நினைச்சுக்கொண்டிருந்தம்.

என்ட தகடு எப்பவும் வெறுமை. வாசல்ல இரிக்கிறவனுக்கு என்ன விழப்போகுது? அதால றிப்ஷான்ட கூட்டுக்குள்ள என்ட தகட்ட வச்சன். எல்லா மாசமும் இல்ல. அவன்டது நிரம்புது எண்டா என்டது, மறுகா அவன்டது. பத்து மாசம் என்ட தகடு, நாலு மாசம் அவன்ட தகடு. ரெண்டு பேருட பேரும் கோட்டுக்குக் கீழதான். ஆனா பட்டது முழுக்க ஒரே நெஞ்சில. இப்ப விளங்கிச்சா, ஒங்கட பைல்ல வாசல்ல இரிந்தவனுக்கு எங்கயிருந்து வந்த கதிர் எண்டு?

ஆ, எழுதுங்க. எழுதத்தான் சொல்றன். பொறுங்க, சபீனா வாறா.

அதுல வச்சிட்டுப் போ. மிஸ், தேத்தண்ணி எடுங்க. சீனி காணாட்டிச் சொல்லுங்க.

போயிட்டா.

அவ ஒங்களப் பார்த்த பார்வையக் கண்டீங்களா? பயம். ஒவ்வொரு வருசமும் அந்த நாட்டுக் கந்தோரிலயிருந்து கடிதம் வரும். என்ட பேருல கதிர் கூட இரிக்கிறதால நான் கொழும்புக்குப் போய் ரத்தம் குடுக்கணும். நல்ல மரியாத. பஸ்ஸுக்கும் தருவாங்க. ஒரு நேர்ஸ் புள்ள மூணு குப்பி எடுக்கும். ஒரு மாசம் கழியக் கடிதம் வரும், ஒண்டுமில்ல, நல்ல சுகம் எண்டு. அந்த ஒரு மாசமும் சபீனா திங்களும் வியாழனும் நோன்பு புடிப்பா. என்ட நானாக்குக் கொறயப் பட்டே அப்பிடி ஆச்சு, ஒங்களுக்குக் கூடப் பட்டிரிக்கே, அல்லாஹ்தான் ஒங்களப் பாதுகாக்கணும் எண்டு. நானாட பங்கையும் இவருதான் முன்னால நிண்டு வாங்கியிரிக்கார் எண்டு குடும்பத்துக்க ஒரு கத. அவட மாமிமாரு வந்தா எனக்கு எழும்பிக் கதிரை தருவாங்க.

நான் இல்லெண்டு சொல்லல்ல.

குப்பிக்குள்ள ரத்தம் ஏறுறதப் பார்த்துக்கொண்டிரிப்பன் மிஸ். என்ட ரத்தத்துக்குள்ள அவன்ட நோயத் தேடுறாங்க. அது அங்க எப்பிடிக் கிடைக்கும்? அவன் மண்ணுக்குள்ள போய் நாலு வருசம். கடைசியா போன மாசியிலயும் போய்க் கைய நீட்டினன். கண்ண மூடினா, கவுண்டருக்கு அந்தப் பக்கம் வெள்ளை உடுப்போட வரிசையில நிக்கிறான். பேட்ஜ வாங்கக் கைய நீட்டிக்கொண்டு. அவனும் கைய நீட்டுறான், நானும் கைய நீட்டிக்கொண்டிரிக்கன். நேர்ஸ் புள்ள, ஐயா கைய லூசா விடுங்க எண்டு சொல்லும்.

நோயா? வந்து ஆறாம் வருசம் தொடங்கிச்சு. முதல்ல களைப்பு எண்டான். பல்லு வெளக்கினா ரத்தம் வருது எண்டான். தொட்ட தொட்ட இடமெல்லாம் நீலமா கன்றிப் போச்சு. மட்டக்களப்பு ஆசுபத்திரியில பார்த்துப்போட்டு உடன கொழும்புக்கு அனுப்பினாங்க. ரத்தத்துல கென்சர். டொக்டர் எங்க வேல செஞ்சது எண்டு கேட்டு எழுதி, கம்பெனிக்குக் கடிதம் போட்டார். கம்பெனி பதில் போட்டிச்சு, இவருக்குப் பட்டது கொறவு, கோட்டுக்கு எவ்வளவோ கீழ, எங்கட வேலையால வந்த நோயெண்டு சொல்ல ஏலா எண்டு. நான் அனுப்பின தகட்டுல இரிந்த கணக்கத்தான் அவங்க திருப்பி அனுப்பினாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. அஸீமா அந்தக் கடிதத்த என்னட்டத்தான் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னா.

அஸீமா அவன்ட மனிசி. ஓட்டமாவடியில இரிக்கா, அவட ஊட்டுல. தையல் மெசின்தான் சோறு போடுது. ஒரு மகள், எட்டாம் வகுப்பு. வாப்பா அந்த நாட்டுக்குப் போகக்குள்ள தவழ்ந்து திரிஞ்ச புள்ள.

அதுதான் மிஸ், நட்டஈட்டுக்காகப் பழைய கணக்கெல்லாம் திரும்பப் பாக்கிறம் எண்டு ஒங்கட கடிதம் வந்ததும் வரச்சொன்னன். அந்தக் கதிர் என்டதில்ல, அவன்டது எண்டு எழுதுங்க. நான் கையெழுத்து வைக்கிறன். இனி எனக்கு ரத்த டெஸ்ட்டும் வேணாம், மரியாதயும் வேணாம். என்ன செய்யிறதெண்டாலும் செய்யட்டும். அஸீமாக்கு நட்டஈடு கிடைக்கணும், அந்தப் புள்ளைக்கு ஒரு ஊடு எழும்பணும். அவ்வளவுதான்.

என்னது? பதினொராம் கேள்வியா?

தகடு மாத்தினது அந்த வேலையாளுக்குத் தெரிஞ்சிருந்ததா.

ஓம், தெரியும். தெரியும் எண்டு போடுங்க. எட்டுப் பேருக்கும் தெரிஞ்சுதானே சீட்டு. தெரியாமச் சீட்டுப் புடிக்க ஏலுமா?

ஏன் பேனைய வச்சிட்டீங்க?

...

அப்ப, தெரிஞ்சு செஞ்சிருந்தா அவனும் களவுக்குக் கூட்டு. அஸீமாக்கு ஒண்டுமில்ல. அப்பிடித்தானே சொல்றீங்க? இல்ல, விளங்குது. சட்டம் அப்பிடித்தான் இரிக்கும். ஒங்களக் கோவிக்கல்ல.

தேத்தண்ணி ஆறிப்போச்சு, குடிங்க.

இல்ல மிஸ், யோசிக்கல்ல. யோசிக்க என்ன இரிக்கி.

அங்க ஒருக்கா சோதிக்க வந்தாங்க. ஒங்கள மாதிரித்தான், ஆனா வயசு கூட. தலை முழுக்க நரை, குட்டையான மனிசி, காதுல பென்சில். வேலையாட்களுக்குப் பாதுகாப்பு ஒழுங்கா இரிக்கா எண்டு பாக்க அரசாங்கம் அனுப்பின ஆள். முதலாளிமாரு பின்னால நிக்க, அந்தம்மா அவங்களத் திரும்பியும் பாக்கல்ல. சப்பாத்து உறைய இழுத்துப் பார்த்தா. கை மணிக்கட்டுல டேப் சரியா ஒட்டியிரிக்கா எண்டு தடவிப் பார்த்தா. உடுப்புக் கழட்டுற இடத்துல நிண்டு, எதக் கழட்டிப்போட்டு எதக் கழட்டுறாங்க எண்டு அரை மணித்தியாலம் பார்த்தா. அவ்வளவு கவனம். அப்பிடி ஒரு ஆள் எங்கள மாதிரி ஆக்களுக்காக வந்து குனிஞ்சு நிமிர்றத நான் அதுக்கு முந்திக் கண்டதில்ல.

மறுகா எங்கட ஆக்கள வரிசையா நிப்பாட்டினாங்க. பாஷை தெரியா எண்டதால அந்தம்மாக்கும் அவங்களுக்கும் நடுவுல என்ன நிப்பாட்டினாங்க. ஒவ்வொரு பேட்ஜா பேரப் பார்த்தா. றிப்ஷான்ட முன்னால வந்து நிண்டா. அவன்ட கூட்டுல அவன்ட பேரு. உள்ளுக்குள்ள என்ட தகடு. நகத்தால ஒரு தட்டுத் தட்டினா கூடு திறக்கும். அந்தம்மா தட்டல்ல. என்னட்டக் கேட்டா, இவருக்கு இந்த வருசம் எவ்வளவு பட்டிரிக்கி எண்டு இவருக்குத் தெரியுமா, இவர்ட வாயாலயே சொல்லச் சொல்லுங்க எண்டு.

நான் றிப்ஷான்ட பக்கம் கிறுகி, கையுறை அளவா இரிக்கா எண்டு அம்மா கேக்கிறா மச்சான் எண்டன்.

அவன் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிச் சொன்னான், விரல் நுனியில கொஞ்சம் லூசு, ஸ்க்ரூ புடிக்கக்குள்ள வழுக்குது, ஆனா பரவாயில்ல, வேல நடக்குது, கேட்டதுக்குச் சந்தோசம் எண்டு சொல்லு எண்டான்.

நான் அந்தம்மாட்டச் சொன்னன், தெரியும், ஒவ்வொரு மாசமும் கேட்டுக் குறிச்சு வச்சிரிக்கார் எண்டு. இங்கிலீஷ்ல ஒரு நம்பரும் சொன்னன். அந்தம்மா அவனப் பார்த்துச் சிரிச்சா. அவனும் அவவப் பார்த்துச் சிரிச்சான். ரெண்டு பேரும் நல்ல மனிசர். நடுவுல நான்.

அவன் சீட்டுல இல்ல மிஸ். ஏழு பேருதான். எட்டாவதா அவன்ட பேர எழுதினது நான். அவன்ட்டக் கேக்கல்ல. கேட்டா சம்மதிக்கமாட்டான், பயந்தவன். போன முதல் கிழமையே சொன்னவன், கோடு வந்தா உடன சொல்லு மச்சான், நான் நிண்டுருவன், கூட்டுற வேல எண்டாலும் பரவாயில்ல, எனக்குப் புள்ள இரிக்கி எண்டு. ஏழாம் மாசம், ரெண்டு தகட்டையும் கூட்டிப் பார்த்தா, கோடு வந்திச்சு. அந்தக் கிழமதான் இஞ்ச, அவன் அனுப்பின சல்லியில, இந்த ஊட்டுக் கூரைக்கு மரம் இறக்கினவங்க. அவன் நிண்டுட்டா மரம் மாரிக்குள்ள உக்கும். நான் சொல்லல்ல. ஒன்டது பாதியும் வரல்ல மச்சான், போ எண்டன். அவன் போனான்.

என்ன, மாத்திச் சொல்றன் எண்டு பாக்கிறீங்களா? நட்டஈட்டுக்காகப் பொய் சொல்றன் எண்டு? கேளுங்க, ஒங்கட வேல அது. அஸீமாட்டப் போய் அவன்ட கிளினிக் கொப்பிய வாங்கிப் பாருங்க. கொழும்பு டொக்டர் தன்ட கையால எழுதியிரிக்கார். கதிர் கூடப் பட்டதா எண்டு டொக்டர் கேட்டார், பக்கத்துல நான் நிக்கன். இல்ல டொக்டர், என்டது பாதியும் வரல்ல, எங்கட மச்சான்தான் கவுண்டர்ல இரிந்து பார்த்தவர், வேணுமெண்டா அவர்ட்டக் கேளுங்க எண்டு என்னக் காட்டினான். டொக்டர் என்ன நிமிர்ந்து பார்த்தார். நான் ஓம் எண்டன்.

தெரியாது எண்டு போடுங்க. அவனுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது.

அந்தக் கையுறைய அவன் விடல்ல மிஸ். ரெண்டு கிழமையா, அந்தம்மா சொன்னது வந்திச்சா, சின்னக் கையுறை வந்திச்சா எண்டு என்னட்டக் கேட்டுக்கொண்டே இரிந்தான். கடைசியில ஸ்டோர்ல கேட்டு ஒரு சோடி எடுத்துக் குடுத்தன், அந்தம்மா ஒனக்கெண்டு அனுப்பினது எண்டு. அதப் போட்டுக்கொண்டுதான் மிச்சம் ஏழு மாசமும் உள்ளுக்குப் போனான்.

எங்க கையெழுத்து? இதுலயா? சரி. கீழ இது என்ன, சாட்சிக்கா? வயசு வந்த ஆரும் வைக்கலாமா? வெளியால ஆளத் தேடத் தேவல்ல.

சபீனா. அடுப்ப நிப்பாட்டிப்போட்டு இஞ்ச வா. இல்ல, டெஸ்ட் விசயமில்ல. ஒன்ட நானாட விசயம். வந்து இதுல இரி.